வெளிநாட்டில் உற்பத்தி: பாதுகாப்புத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பரிதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலைப் பம்புகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் செயல்பாட்டுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். உற்பத்தியின் ஒரு பகுதியை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோவதென்று எங்கள் நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. முதலில் அங்குள்ள ஓர் ஒப்பந்த உற்பத்தியாளரிடம் செய்து வாங்குவோம். பிறகு சொந்த ஆலை. எந்த நாடு என்பதைப் பொதுவெளியில் எழுத எனக்கு அனுமதி இல்லை.

பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆலோசகர் ஒருவர் கொடுத்த முதல் வரைவில் சுற்றுச்சுவர், கேமரா, காவலாளிகள், அடையாள அட்டை, ஃபயர்வால் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அது எந்த நாட்டிலும் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும் பட்டியல். அந்நிய மண்ணில் உற்பத்தி செய்வதாலேயே வந்து சேரும் ஆபத்துகள் எவை, அவற்றுள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அச்சுவார்ப்பு எழுதியது:

பரிதி, சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொரு பட்டியல் போடுங்கள். எதையெல்லாம் அந்த நாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது என்ற பட்டியல். திட்டத்தின் முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கொண்டுபோன பிறகு பூட்டிக் காப்பதைவிட, கொண்டுபோகாமல் விடுவது எப்போதும் மலிவு.

உங்கள் பொருளில் இரும்புப் பெட்டியையும் மின்சுற்றுப் பலகையையும் பார்த்துப் பார்த்தே யாரும் செய்துவிடலாம். அதன் உயிர் ஃபர்ம்வேரில், அதாவது பலகைக்குள் பதிந்திருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில், இருக்கிறது. அதன் மூல நிரலை ஒப்பந்த உற்பத்தியாளருக்குக் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை. மறையாக்கம் செய்து மின்னணுக் கையொப்பமிட்ட கோப்பு மட்டும் போகட்டும். கையொப்பமிடும் சாவி உங்கள் தலைமையகத்தை விட்டு நகரக் கூடாது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரிசை எண், அந்த எண்ணுக்குரிய தனிச் சாவி, அதை வழங்குகிற எண்ணிக்கை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், 5,000 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்த இடத்தில் 5,001ஆவது பெட்டி உயிர்பெறாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒப்பந்த உற்பத்தியில் நடக்கும் திருட்டு பெரும்பாலும் சுவரேறிக் குதித்து நடப்பதில்லை. பகல் ஷிப்டில் உங்களுக்காக ஓடும் அதே இயந்திரம், அதே அச்சு, அதே தொழிலாளர்களைக் கொண்டு இரவில் கணக்கில் வராத ஒரு ஷிப்ட் ஓடும். அதில் வெளிவருவது போலி என்றுகூடச் சொல்ல முடியாது, உங்கள் பொருளேதான். சோதனைச் சாலைக்கு அனுப்பினாலும் வேறுபாடு தெரியாது.

கழிவையும் பாருங்கள். தரச் சோதனையில் தேறாத பலகைகள் எங்கே போகின்றன? எடைக்கு வாங்கிப் போகிறவரிடம் முழுசாகப் போனால், சிறு பழுது நீக்கி உங்கள் பெயரிலேயே சந்தைக்கு வரும். தேறாதவற்றை உங்கள் ஆள் முன்னிலையில் உடைத்து நொறுக்க வேண்டும். நொறுக்கிய எண்ணிக்கையும் உள்ளே போன உதிரிபாக எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். மாதக் கடைசியில் நுண்செயலிகள், முத்திரை வில்லைகள், அட்டைப் பெட்டிகள் மூன்றின் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டி அதிகமாகச் செலவாகியிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

மூல நிரல் தலைமையகத்தில் இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனத்தின் கதை இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. காற்றாலைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள் அவர்களுடையது. மிகப் பெரிய வாடிக்கையாளர் சீனாவின் சினோவெல். மென்பொருளை மறையாக்கம் செய்துதான் கொடுத்தார்கள். 2011இல் சினோவெல் திடீரென்று சரக்கை ஏற்க மறுத்தது. பிறகுதான் தெரிந்தது, ஆஸ்திரியாவிலிருந்த துணை நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை விலைக்கு வாங்கி, அமெரிக்காவிலிருந்த சர்வரிலிருந்து மூல நிரலை இறக்கியிருந்தார்கள். 2018இல் விஸ்கான்சின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சினோவெல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதற்குள் பாதிக்கப்பட்ட நிறுவனத்தில் சுமார் 700 வேலைகள் போய்விட்டன. வாடிக்கையாளர் ஒரு நாட்டில், ஊழியர் இன்னொரு நாட்டில், சர்வர் மூன்றாவது நாட்டில். ஆகவே யாருக்கு எந்தக் கோப்பு தேவை என்பதை ஆலையில் மட்டும் தீர்மானித்தால் போதாது, நிறுவனம் முழுவதிலும் தீர்மானிக்க வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

அச்சுவார்ப்பு சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். இது என் தொழில்.

காப்புரிமை, வர்த்தக முத்திரை இரண்டுமே நாட்டு எல்லைக்கு உட்பட்டவை. உங்கள் நாட்டில் பதிவு செய்தது அங்கே செல்லாது. 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி, முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து காப்புரிமைக்கு 12 மாதம், வர்த்தக முத்திரைக்கும் தொழில் வடிவமைப்புக்கும் 6 மாதம் முன்னுரிமைக் காலம் உண்டு. அதற்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே அங்கும் கணக்கில் வரும். காலம் கடந்தால் அந்த வாய்ப்பு திரும்பாது. மாதிரிப் பொருளை எந்த உற்பத்தியாளருக்கும் அனுப்பும் முன் இந்த விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும். ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் மாதிரியைக் காட்டிவிட்டுப் பிறகு காப்புரிமை கேட்டால், பொருள் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது என்று பல நாடுகள் நிராகரிக்கும்.

பல நாடுகளில் முத்திரையை முதலில் பயன்படுத்தியவருக்கு அல்ல, முதலில் பதிந்தவருக்கே உரிமை. ஏற்றுமதிக்காக மட்டும் உற்பத்தி செய்தாலும் இது கழுத்துக்கு வரும். வேறொருவர் உங்கள் பெயரைப் பதிந்து வைத்திருந்தால், உங்கள் சரக்கையே துறைமுகத்தில் நிறுத்தச் சொல்லிச் சுங்கத் துறையிடம் போகலாம். ஆப்பிள் போன்ற நிறுவனமே சீனாவில் ஐபேட் என்ற பெயருக்காக புரோவியூ நிறுவனத்துடன் வழக்காடி, 2012இல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. தைவானிலிருந்த குழும நிறுவனத்திடம் பெயரை விலைக்கு வாங்கியதாக ஆப்பிள் நினைத்தது. ஷென்ஜென் நிறுவனத்தின் பெயரிலிருந்த பதிவு கைமாறவில்லை என்று அங்குள்ள நீதிமன்றம் சொன்னது. உள்ளூர் மொழியில் உங்கள் பெயர் எப்படி ஒலிக்கும், எப்படி எழுதப்படும் என்று பார்த்து அந்த வடிவத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

ஒப்பந்தத்தில் ரகசியம் காக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களிடம் கற்றதைத் தன் பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது, உங்களைத் தாண்டி உங்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் போகக் கூடாது என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். மீறினால் எவ்வளவு பணம் என்று தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்த நீதிமன்றத்தில் வழக்கு என்பதில் பலர் தன் நாட்டு நீதிமன்றத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எதிராளியின் சொத்து முழுவதும் அந்த நாட்டில் இருக்கும்போது, இங்கே வாங்கிய தீர்ப்பை அங்கே நிறைவேற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாத நாடுகள் நிறைய உண்டு. நடுவர் தீர்ப்பு என்றால் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால் நிறைவேற்றுவது எளிது. உடனடித் தடையாணை வேண்டுமென்றால் உள்ளூர் நீதிமன்றமும் உள்ளூர் மொழி ஒப்பந்தமும்தான் கை கொடுக்கும். இரண்டு வழியையும் ஒப்பந்தத்தில் திறந்து வையுங்கள்.

மாறன் எழுதியது:

சட்டமெல்லாம் சரி. ஆனால் தினசரி இழப்பு சின்னத் திருட்டில்தான் போகிறது. பல நாடுகளில் ஆலைப் பாதுகாப்பைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே வாசல். மற்ற கதவுகள் எல்லாம் ஷிப்ட் நேரத்தில் பூட்டியிருக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். உள்ளூர் ஆட்களை நம்பிச் சாவியைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் கிடங்கு காலி. கடுமையாக இருந்தால்தான் காரியம் நடக்கும்.

கலைமதி எழுதியது:

மாறன் ஐயா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் கடந்து போக முடியாது. ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போது வெளியேறும் கதவைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது. அது கொலைக்கு வழி. இப்படியொரு யோசனை பதிலின்றி இந்த இழையில் நிற்கக் கூடாது.

2012 செப்டம்பர் 11. கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் தீப்பற்றியது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. பெரும்பகுதி உற்பத்தி ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்காக நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. 2020இல் நீதிமன்றம், மிரட்டிப் பணம் கேட்டுக் கிடைக்காத கும்பல் வைத்த தீ அது என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த ஆபத்து மாமூல் கேட்கும் கும்பல். அந்த ஆபத்தைத் தடுக்க அந்தப் பூட்டு எதுவும் செய்யவில்லை. உள்ளே இருந்தவர்களை மட்டும் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவுக்கு அருகே தாஸ்ரீன் ஆலையில் 112 பேர். மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் தைப்பவர்களை மட்டும் வேலைக்கு ஏறச் சொன்னார்கள்.

இவற்றுள் எதிலும் வாங்கும் நிறுவனத்தின் அதிகாரி யாரும் கதவைப் பூட்டவில்லை. ஆனால் கெடுவையும் விலையையும் வைத்தவர்கள் அவர்கள். பரிதி, உங்கள் ஒப்பந்த உற்பத்தியாளரின் கட்டடத்துக்கு உரிய அனுமதி எத்தனை தளத்துக்கு, மாடியில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்களா, வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்பதெல்லாம் உங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஷிப்ட் நடுவில் முன்னறிவிப்பின்றிப் போய், ஒவ்வொரு கதவையும் உங்கள் கையால் தள்ளிப் பாருங்கள்.

திருட்டுக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. உள்ளிருந்து உடம்பால் சாய்த்தாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி உள்ள கதவுகள் கிடைக்கின்றன. திறந்த கணம் அலறும். வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. திருடன் ஓசையோடுதான் வெளியே போக முடியும், தீயென்றால் எல்லோரும் போகலாம்.

மாறன் எழுதியது:

அலாரம் வைத்த கதவை நான் எதிர்க்கவில்லை. பெரிய ஆலைகளில் அதுதான் முறை. ஆனால் சோதனையே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கையளவு சில்லுகள் ஒரு மாதச் சம்பளத்தைவிட விலை அதிகம் என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

கலைமதி எழுதியது:

சோதியுங்கள். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும், மேலாளரும் வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளரும் அதே வரிசையில் நிற்க வேண்டும், சோதனைக்காக நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விலையுயர்ந்த சில்லுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் கம்பிவலைக் கூண்டு ஒன்று போட்டுவிட்டால் வாசல் சோதனையின் தேவையே பாதி குறையும்.

சம்பளம் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 12 அன்று கர்நாடகத்தின் நரசாபுராவில் ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுத்த தைவானின் விஸ்ட்ரான் ஆலையைத் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். சுவர், கேமரா, காவலர்கள் எல்லாம் இருந்த ஆலைதான். குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கானோரை ஒப்பந்த முறையில் சேர்த்திருந்தார்கள். சம்பளமும் கூடுதல் நேரக் கணக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. சிலருக்குச் சரியாகவும் உரிய நேரத்திலும் கொடுக்கவில்லை என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது, ஆப்பிள் புதிய ஆர்டரை நிறுத்தி வைத்தது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆள் சேர்க்கும் இடைத்தரகர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால், உங்கள் ஆலையின் மிகப் பெரிய ஆபத்து எங்கே வளர்கிறது என்பதும் தெரியாது. தொழிலாளியின் மொழியில் புகார் சொல்ல ஒரு வழி, அதற்கு ஒரு வாரத்துக்குள் பதில். இதை மனிதவளத் துறைக்குத் தள்ளிவிடாமல் பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வையுங்கள்.

நிரலன் எழுதியது:

கணினிப் பக்கம் யாரும் தொடவில்லை. ஆலோசகர் ஃபயர்வால் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பல நாடுகளில் தொழில் செய்தால் அந்தந்த நாட்டின் வரி மென்பொருளையும் வங்கி மென்பொருளையும் நிறுவியே ஆக வேண்டும். வேறு வழி இல்லை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவியது உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. அங்கே சிறு அலுவலகம் மட்டும் வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்களிலும் உலகம் முழுக்கக் கணினிகள் விழுந்தன. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 25 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு என்று அந்த நிறுவனமே சொன்னது. மெர்க் நிறுவனத்தின் மருந்து உற்பத்தியே தடைபட்டது.

2020இல் டிரஸ்ட்வேவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கோல்டன்ஸ்பை அறிக்கை இன்னும் அருகிலிருந்து காட்டுகிறது. சீனாவில் புதிதாக அலுவலகம் திறந்த நிறுவனத்திடம், வரி கட்ட இந்த மென்பொருளை நிறுவுங்கள் என்று வங்கி சொல்கிறது. நிறுவுகிறார்கள். வரிப் பகுதி ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, திரையில் எந்த அறிவிப்பும் இல்லாமல் இன்னொரு நிரல் உள்ளே வந்து உட்கார்கிறது. ஒரே நிரல் இரண்டு பிரதியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பிவிடும். வரி மென்பொருளை நீக்கினாலும் இது நீங்காது. அறிக்கை வெளியான பிறகு, அதே வழியில் ஓர் அழிப்பான் வந்து தடயத்தோடு துடைத்துவிட்டுப் போனது.

இதற்கு மருந்து எளிது, செய்கிறவர்கள்தான் குறைவு. உள்ளூர்ச் சட்டம் கேட்கும் எல்லா மென்பொருளும் தனிக் கணினியில், தனி இணைப்பில் இருக்கட்டும். அது ஆலையின் வலையிலும் சேராது, தலைமையகத்தின் வலையிலும் சேராது. கணக்கை அங்கே தட்டச்சு செய்து அனுப்புவது கணக்காளருக்குத் தொல்லைதான், செய்துதான் ஆக வேண்டும்.

உற்பத்தி இயந்திரங்கள் அடுத்தது. 2018 ஆகஸ்டில் தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகள் நின்றன. யாரும் குறிவைத்துத் தாக்கவில்லை. புதிய இயந்திரத்தின் மென்பொருளை வைரஸ் சோதனை செய்யாமல் வலையில் இணைத்தார்கள், வான்னாக்ரை வைரஸின் ஒரு வகை பரவிவிட்டது. புதிய ஆலை தொடங்கும் மாதங்களில் வாரம் ஓர் இயந்திரம் வந்து இறங்கும், ஒவ்வொன்றோடும் ஒரு பொறியாளர் தன் மடிக்கணினியையும் பென் டிரைவையும் கொண்டுவருவார், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அந்த மாதங்களில்தான் விதி உறுதியாக இருக்க வேண்டும். இயந்திரம் விற்றவர் தொலைவிலிருந்து பழுது பார்க்க வைக்கும் மோடத்தை வேலை இருக்கும்போது மட்டும் இயக்குங்கள். ஷிப்ட் மேற்பார்வையாளர் கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச் ஒன்றே போதும்.

உங்கள் சப்ளையரின் கணினியும் உங்கள் பொறுப்புதான். 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் 14 ஆலைகளையும் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா இல்லை. கோஜிமா என்ற உதிரிபாக நிறுவனம்.

கடலோடி எழுதியது:

ஆலையிலிருந்து துறைமுகம் வரையிலான தூரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கன்டெய்னரில் போதைப்பொருள் வைத்து அனுப்பினால், மறுமுனையில் பிடிபடும்போது ஆவணத்தில் இருப்பது உங்கள் பெயர்.

சரக்கு ஏற்றும் முன் காலிக் கன்டெய்னரை ஏழு இடத்தில் பார்க்க வேண்டும்: அடிப்பாகம், கதவின் உள்ளும் புறமும், வலப்பக்கம், இடப்பக்கம், முன்சுவர், கூரை, தரை. உள்நீளத்தை நாடாவால் அளந்து பாருங்கள். கணக்கில் சில அங்குலம் குறைந்தால் முன்சுவருக்கு முன்னால் ஒரு பொய்ச்சுவர் இருக்கிறது. சுத்தியலால் தட்டினாலும் ஓசை மாறும். கதவின் ரிவெட்டில் புதுப் பெயின்ட் தெரிந்தாலோ, பசை வாசம் அடித்தாலோ ஏற்றாதீர்கள்.

சீல் ஐஎஸ்ஓ 17712 தரத்து உயர்பாதுகாப்பு போல்ட் சீலாக இருக்கட்டும். சீல் பெட்டி ஒருவர் பொறுப்பில், எண் ஏட்டில் ஏறிய பிறகே வெளியே வர வேண்டும். போட்டதும் பார், எண்ணை ஒப்பிடு, இழு, முறுக்கு. நான்கும் முக்கியம். அறுத்து ஒட்டிய சீல் பார்வைக்குத் தெரியாது, முறுக்கினால் கழன்று வரும். புறப்படும் நேரம், வழக்கமான பயண நேரம் இரண்டையும் குறித்து வைத்து, இடையில் விளக்கமில்லாமல் நின்ற வண்டியைத் துறைமுக வாசலில் மறுபடி பாருங்கள். அந்த நாட்டுச் சுங்கத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட பொருளாதார இயக்குநர் (ஏஇஓ) திட்டம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். 2005இல் உலகச் சுங்க அமைப்பு கொண்டுவந்த கட்டமைப்பின்படி பல நாடுகளில் அது நடக்கிறது.

பரிதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கிறது. கதவுகளைப் பற்றிக் கலைமதி அம்மா எழுதியதை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னொரு கேள்வி. அங்குள்ள கூட்டாளி, காவலுக்குத் தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தையே வைக்கச் சொல்கிறார். காவல்துறையோடு நெருக்கமானவர்களாம், எந்தப் பிரச்சினை வந்தாலும் பார்த்துக்கொள்வார்களாம். அரசே நம்மைக் காக்கும் என்று நம்பி இருக்கலாமா? அரசியல் சூழல் மாறினால் என்ன செய்வது?

எல்லைக்கோடு எழுதியது:

இந்தக் கேள்வியின் இரண்டு பாதிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

காவல் நிறுவனத்தைக் கூட்டாளியின் சொல்லுக்காக வைக்காதீர்கள். உரிமையாளர் யார், காவலருக்குக் கையில் எவ்வளவு சம்பளம் போகிறது, எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பயிற்சி உண்டா, இவற்றை நீங்களே பாருங்கள். உங்கள் வாசலில் ஒரு காவலர் தொழிலாளியை அடித்தால் அடித்தது உங்கள் நிறுவனம்தான். “பார்த்துக்கொள்வார்கள்” என்ற சொல்லுக்குப் பின்னால் லஞ்சம் இருக்கும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் வெளிநாட்டு அதிகாரிக்கு இடைத்தரகர் வழியாகக் கொடுத்ததையும் குற்றமாகவே பார்க்கின்றன. அந்த நாடுகளோடு உங்களுக்குத் தொடர்பு இருந்தால் உங்களையும் எட்டலாம். ஒருமுறை கொடுத்துவிட்டால் நீங்கள் மிரட்டத்தக்க நிறுவனம் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அரசின் காவல் எந்த அளவுக்கு என்பதற்கு அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு நிலையத்தைச் சொல்வேன். 2013 ஜனவரியில் ஆயுதக் குழு உள்ளே புகுந்து, சுமார் 40 பேர் இறந்தார்கள். அதை நடத்திய நிறுவனங்களுள் ஒன்றான நார்வேயின் ஸ்டாட்ஆயில் தன் விசாரணை அறிக்கையைப் பொதுவில் வைத்தது. வெளி வளையத்தில் ராணுவம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் உள் வளையங்கள் அவ்வளவு பெரிய தாக்குதலைத் தாங்கும்படி அமைக்கப்படவில்லை என்பதே அதன் சாரம். அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஒரு நிறுவனம் தன் குறையை இவ்வளவு நேராக எழுதியது அரிது.

அரசியல் மாறுவது பற்றி: 2014 மே மாதம், வியட்நாமும் உரிமை கோரும் தென் சீனக் கடல் பகுதியில் சீனா எண்ணெய் துரப்பண மேடையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வியட்நாமின் பின் துவோங் மாகாணத்தில் கலவரம் வெடித்தது. பெரிதும் எரிந்தவை தைவான் நிறுவனங்களின் ஆலைகள். பெயர்ப் பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்துக் கூட்டம் சீன ஆலை என்று முடிவு செய்துவிட்டது. அந்த ஆலைகளுக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே, நீங்கள் போகும் நாட்டில் யாரோடு யாருக்குப் பகை, அந்தக் கோபம் எழுந்தால் யாரோடு உங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆள் எடுத்து, அவர்களோடு பேச்சு வைத்திருக்கும் ஆலைக்கு வதந்தி வரும்போதே செய்தி வந்துவிடும்.

ஆலையையே அரசு எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. 2017 ஏப்ரலில் வெனிசுவேலாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை பறிபோனது. 2023 ஜூலையில் ரஷ்யா டானோனின் பங்குகளையும் கார்ல்ஸ்பெர்க்கின் பால்டிகா ஆலைகளையும் தற்காலிக நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. இதற்கு அரசியல் இடர்க் காப்பீடு உண்டு. உலக வங்கிக் குழுமத்தில் 1988இல் தொடங்கிய மிகா அமைப்பு இதைச் செய்கிறது. முதலீடு போடும் முன்பே வாங்க வேண்டும், பிரச்சினை தொடங்கிய பிறகு யாரும் தர மாட்டார்கள். காப்பீட்டில் போர் விலக்கு (போரால் வந்த இழப்புக்குப் பணம் இல்லை) என்ற பத்தியையும் தேன்மொழி போன்ற ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். நாட்பெட்யா ஓர் அரசின் தாக்குதல் என்று சொல்லி மெர்க் நிறுவனத்துக்குக் காப்பீட்டாளர்கள் அந்தப் பத்தியைக் காட்டித்தான் பணம் மறுத்தார்கள். 2023இல் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மெர்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் இந்த வழக்கு தொடங்கிய பிறகு பல பாலிசிகளின் வாசகங்கள் இறுகிவிட்டன.

உங்கள் வரைபடங்களுள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொருளை அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று பலர் நினைக்கிறார்கள். மின்னஞ்சலில் வரைபடத்தை அனுப்பினாலும் பல நாடுகளின் சட்டத்தில் அது ஏற்றுமதியே. சில வகைப் பம்புகளும் வால்வுகளும் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் பட்டியலில், இருக்கின்றன.

பரிதி எழுதியது:

அந்தப் பட்டியலை நாங்கள் பார்த்திருக்கவே இல்லை. நாளைக்கே எடுக்கிறேன்.

ஒன்றே ஒன்று. பெட்டியின் பிளாஸ்டிக் மூடிக்கான வார்ப்பு அச்சுகளை நாங்கள் பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறோம். உறவு முறிந்தால் அவற்றைத் திரும்பப் பெற முடியுமா?

அச்சுவார்ப்பு எழுதியது:

முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் முடியும். அச்சுக்கான பணத்தைப் பொருளின் விலையில் கலக்க விடாதீர்கள்; தனி பில், தனிப் பணம், உரிமை உங்களுக்கு என்று தனி ஒப்பந்தம். அச்சின் எஃகிலேயே உங்கள் நிறுவனப் பெயரையும் எண்ணையும் வெட்டச் சொல்லுங்கள். ஒட்டிய தகடு ஒரே இரவில் கழன்றுவிடும். ஒவ்வொரு காலாண்டும் எண்ணோடு படம் எடுங்கள்.

அச்சு எத்தனை முறை மூடித் திறந்தது என்று எண்ணும் இயந்திர எண்ணி ஒன்றைப் பொருத்தலாம், சிறிய பொருள்தான். அந்த எண்ணையும் உங்களுக்கு வந்த மூடிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் இரவு ஷிப்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணி வேண்டாம் என்று உற்பத்தியாளர் மறுத்தால், காரணத்தைக் கேளுங்கள்.

தேன்மொழி எழுதியது:

ஒரு சேர்க்கை. பாக்கிப் பணத்துக்காக அச்சைப் பிடித்து வைக்கும் உரிமை சில நாடுகளின் சட்டத்திலேயே உற்பத்தியாளருக்கு உண்டு. அந்த உரிமையைத் துறப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், அது அங்கே செல்லுமா என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். உறவு முறியப்போகிறது என்று தெரிந்தால், அச்சு கைக்கு வந்து கன்டெய்னர் புறப்பட்ட பிறகு அறிவிப்பு அனுப்புங்கள்.

பரிதி எழுதியது:

எண்ணி பற்றி இன்று அவர்களிடம் கேட்டேன். ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். கதவுகளைப் பார்க்க எப்போது வருவோம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.